தேன் யாருக்கு, புறங்கை யாருக்கு?

(சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, ஈப்போவில் இன்னொரு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு மழையோடு மழையாக வந்து சேர்ந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, டத்தோ அவர்களே, டத்தோவின் துணைவியார் அவர்களே, கோயில் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி ஐயா அவர்களே, முன்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே என்னையும் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

டத்தோ அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். இந்த மண்டபத்தில் சுற்றுகிற மின்விசிறிகள் எல்லாம் அவர் வாங்கித் தந்தவை. என் தலைக்கு மேலே இருப்பது மட்டும் சுற்றவில்லை. அது டத்தோவின் குற்றமில்லை, ஒயரிங் பார்க்க வேண்டிய நம் செயலவையின் குற்றம். சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்கான விஷயத்தைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சிறு தீவு நாடுகளில் சுற்றுலா: போக்கும் வருமானமும்’. பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் ஆறாம் படிவ மாணவர்கள் சிலர் குறிப்பெடுக்க நோட்டோடு வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக மூன்று விஷயம் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். ஒன்று, எத்தனை பேர் வருகிறார்கள். இரண்டு, வருகிற பணத்தில் எவ்வளவு ஊரில் தங்குகிறது. மூன்று, கடல் மட்டம் ஏறினால் அந்தத் தீவுகளின் கதி என்ன.

அதற்கு முன்னால் என் பழமொழி. என் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? இதை ஊரில் லஞ்சம் வாங்குகிறவனைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு அது தேன் எடுத்தவனின் வழக்காகவே படுகிறது. மரம் ஏறியவன் அவன், கொட்டு வாங்கியவன் அவன். அவனுக்குப் புறங்கை என்றால், குடம் யார் வீட்டுக்குப் போயிற்று? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தீவுக்குப் போவோம்.

2019-இல், கோவிட் வருவதற்கு முந்திய ஆண்டில், உலகம் முழுக்க நாடு விட்டு நாடு போன சுற்றுப்பயணிகள் ஏறக்குறைய 146 கோடி. அதில் சிறு தீவு நாடுகளுக்குப் போனவர்கள் 4 கோடியே 40 லட்சம். நூற்றுக்கு மூன்று பேர். அவர்களால் அந்த நாடுகளுக்கு வந்த வருமானம் சுமார் 5,500 கோடி அமெரிக்க டாலர். உலகக் கணக்கில் சின்னப் பங்குதான். ஆனால் கொப்பரை, மீன், சர்க்கரை தவிர விற்க அதிகம் இல்லாத ஊர்களுக்கு அது சோறு.

மாலைத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் உல்லாச விடுதி 1972-இல் குரும்பா என்ற பெயரில் திறந்தது. அதுவரைக்கும் சூரைமீன் பிடித்துக் காயவைத்து விற்றவர்கள். 2019-இல் 17 லட்சம் பேர் வந்தார்கள். 2020-இல் கோவிட் வந்ததும் கதவை மூடினார்கள்; ஜூலை 15-ஆம் தேதி திறந்தும்விட்டார்கள். ஒரு தீவுக்கு ஒரே விடுதி என்பது அவர்கள் முறை. வந்தவன் அந்தத் தீவை விட்டு வெளியே போகப் போவதில்லை, அதனால் நோய் பரவும் பயம் குறைவு. அப்படியும் அந்த ஆண்டு ஐந்தரை லட்சம் பேர்தான் வந்தார்கள், மூன்றில் ஒரு பங்கு. 2024-இல் முதல் முறையாக 20 லட்சத்தைத் தாண்டினார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து அந்த நாட்டில் வாழ்கிறவர்கள் 5 லட்சம் சொச்சம். தலைக்கு நான்கு விருந்தாளி. நம் வீட்டுத் தீபாவளிக்குக்கூட அவ்வளவு வருவதில்லை.

ஃபிஜிக்கு 2024-இல் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தார்கள், பெரும்பாலும் பக்கத்திலுள்ள ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்து. செஷல்ஸ் 2023-இல் மூன்றரை லட்சம். துவாலு என்று ஒரு நாடு, 11 ஆயிரம் பேர்தான். அங்கே சுற்றுப்பயணி போவது அபூர்வம். மீன்பிடி உரிமத்தையும், இணைய முகவரியில் வரும் ‘டாட் டிவி’ என்ற இரண்டு எழுத்தையும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். சரி, முதல் விஷயம் போதும்.

பணத்துக்கு வருவோம். ஜெர்மனியில் ஒருவர் மாலைத்தீவுக்கு ஒரு வாரம் போக ஏற்பாடு செய்கிறார் என்று வையுங்கள். பதிவு செய்கிற நிறுவனம் அவர் ஊரில். விமானம் இன்னொரு நாட்டுக் கம்பெனி. விடுதியை நடத்துவது வெளிநாட்டுப் பெயர்ப்பலகை, அதற்கு நிர்வாகக் கட்டணம். தட்டில் இருக்கிற இறைச்சி, பழம், சீஸ் எல்லாம் விமானத்தில் வந்தவை. அறையைச் சுத்தம் செய்கிற பையன் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரன், அவன் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். தீவின் கணக்கில் வருமானம் என்று எழுதியிருக்கும், பணம் வேறு ஊரில் இருக்கும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கினான், அவ்வளவுதான்.

மாலைத்தீவு அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தீவுக்குக் குத்தகை வாங்குகிறது. சுற்றுலாவுக்கென்று தனியாகப் பொருள் சேவை வரி போடுகிறது. ஆளுக்கு இரவுக்கு 6 டாலர் என்று இருந்த பசுமை வரியை 2025-இல் பெரிய விடுதிகளுக்கு 12 டாலராக உயர்த்தியது. பசிபிக்கில் பலாவ் என்று 18 ஆயிரம் பேர் வாழும் நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 2017 முதல், வருகிறவனின் கடப்பிதழில் உறுதிமொழி ஒன்றை முத்திரையாகவே குத்துகிறார்கள். ‘உங்கள் தீவைக் கெடுக்க மாட்டேன்’ என்று பலாவ் நாட்டுப் பிள்ளைகளிடம் சத்தியம் செய்கிற மாதிரி எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே. அதற்கு மேல் 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம். நம் ஊர் நீர்வீழ்ச்சிக்கு வந்து நெகிழிப் பையை வீசிவிட்டுப் போகிறவர்களிடம் இதை ஆரம்பிக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2009-இல் மாலைத்தீவில் நடந்தது. அதுவரை வெளிநாட்டுக்காரன் பெரும்பாலும் ஆளில்லாத் தீவில்தான் தங்கலாம். சாதாரண மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று அந்த ஆண்டு அனுமதி கொடுத்தார்கள். மாஃபுஷி என்ற தீவுக்கு அதற்கு முன் சிறைச்சாலைதான் அடையாளம். இன்று அங்கே விருந்தினர் இல்லங்கள் வரிசையாக நிற்கின்றன. முஸ்லிம் ஊர், வெட்கம் மானம் பார்ப்பவர்கள். அதனால் கடற்கரையில் ஒரு பகுதியைத் தடுத்து, ‘பிகினி கடற்கரை’ என்று பலகையே வைத்துவிட்டார்கள். (சிரிக்கிறவர்கள் சிரியுங்கள், கோயில் தலைவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுகிறார்.) ஊர்க்காரனும் கொஞ்சம் அதிகமாகப் புறங்கை நனைத்துக்கொண்டான்.

இதெல்லாம் தீவுக் கதை, கித்தா என்கிற ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் இருக்கிற நமக்கு என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஒன்று சொல்கிறேன்.

கோவிட்டுக்கு முன்னால் ஒரு காலை. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போய்க்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து ஒன்று, பழைய சாலையில் எங்கள் தோட்டத்து முனையில் நின்றுவிட்டது. பழுது ஏதும் இல்லை. உள்ளே இருந்த ஒரு பெரியவருக்கு அவசரம். வழிகாட்டி இறங்கி ஓடி வந்து, “அங்கிள், தோய்லெட் அடா?” என்று, கழிப்பறை இருக்கிறதா என்று மலாயில் என்னைக் கேட்டான். கோயில் கழிப்பறையைக் காட்டினேன். ஒருவர் போனதும் இன்னொருவருக்கும் ஞாபகம் வந்தது, பிறகு பேருந்தே வரிசையில் நின்றது. வெள்ளைக்காரர்கள், கையில் கேமரா, தலையில் தொப்பி. நம் பூசாரி அவசரமாக உள்ளே போய்ப் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். எதற்கு என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. மூன்றாம் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பாட்டி, உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், காட்டிலிருந்து அப்போதுதான் வந்தார். வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் அவருக்கு விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். கொல்லையில் மிஞ்சி நின்ற நாலைந்து பால் மரத்தை வெட்டிக்கொண்டிருப்பார். கையில் வெட்டுக் கத்தி. அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இரண்டடி பின்னால் போனாள். பாட்டிக்குச் சிரிப்பு. “வா வா” என்று கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் பின்னாலேயே போயிற்று.

பாட்டி பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை விரலால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார். கத்தியை வைத்தார். ஒரு ரூபாய் நாணயக் கனத்துக்குக்கூடப் பட்டை போகவில்லை, சர்ரென்று ஒரு கீற்று. மேலிருந்து கீழே சாய்வாகப் பால் ஓடி வந்து தகரக் கால்வாயில் சொட்டி, மங்கு என்கிற பால் கிண்ணத்தில் விழுந்தது. நாற்பது கேமராவும் ‘கிளிக் கிளிக்’. அந்த வழிகாட்டி பயல் ஆங்கிலத்தில், “இவர்கள் காட்டுவாசிகள், தலைமுறை தலைமுறையாக இப்படித்தான்” என்று அளந்துவிட்டான். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது; ஆனால் அவன் மூஞ்சியைப் பார்த்தே ஏதோ தப்பாகச் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டு, மலாயில் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார் பாருங்கள்! என் புருஷன் கங்காணி, என் மகன் ஆசிரியர், நீ யாருடா என்று. வெள்ளைக்காரர்கள் அதையும் வீடியோ எடுத்தார்கள்.

கடைசியில் ஒருவர் மங்கைக் காட்டி ஏதோ கேட்டார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, பாட்டி அதைக் கழுவி நீர் மொண்டு கொடுக்க, அவர் நீரைக் கொட்டிவிட்டு மங்கைப் பையில் வைத்துக்கொண்டார். பாட்டியின் உள்ளங்கையில் ஒரு சாக்லேட் வைத்தார். பேருந்து போய்விட்டது. பிறகு ஒரு நாள் ஈப்போவில் பழம்பொருள் கடை ஒன்றில் அதே மாதிரி மங்கைப் பார்த்தேன். விலைச் சீட்டு 15 வெள்ளி, அதாவது ரிங்கிட்.

பேருந்துக்கு ஆளுக்கு எவ்வளவு கட்டியிருப்பார்கள்? பாட்டிக்குக் கிடைத்தது சாக்லேட். தேன் எடுத்தவர் யார், சொல்லுங்கள்.

அந்தப் பேருந்து கோலகங்சாரில் எதைப் பார்க்கப் போயிற்று தெரியுமா? 1877-இல் நட்ட ரப்பர் மரத்தை. வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மரத்துக்குப் பலகை இருக்கிறது, மரத்தை வெட்டியவர்களுக்குப் பலகை இல்லை. பத்து காஜாவில் கெல்லியின் மாளிகைக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து ரப்பர் துரை 1915-இல் கட்ட ஆரம்பித்து முடிக்காமலே செத்துப்போனார். கட்டியவர்கள் நம் ஆட்கள், காய்ச்சலில் பலர் மாண்டார்கள். அவர்கள் கேட்டதற்காகத் துரை ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அதன் கூரையில் சாமி பொம்மைகளுக்கு நடுவில் துரை வெள்ளை உடுப்போடும் தொப்பியோடும் நிற்கிறார். மாளிகைக்கு வருகிற கூட்டத்தில் கோயில் வரை நடந்து போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மொரீஷியஸ் எப்படிச் செய்தது என்று பாருங்கள். நம் மாதிரியே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்த நாடு. 1834 முதல் ஏறக்குறைய 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் போர்ட் லூயிஸில் இறங்கினார்கள். அவர்கள் ஏறி வந்த கற்படிகளை இடிக்காமல் வைத்திருந்தார்கள். ‘ஆப்ரவாசி காட்’ என்ற அந்த இடம் 2006-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. நவம்பர் 2 அங்கே பொது விடுமுறை. நடுக்கடலில் இருக்கிற தீவு, கடற்கரைக்கு வருகிறவனைக் கூலி லயத்துக்கும் அழைத்துப் போகிறது. ஃபிஜியின் நாடியில் 1994-இல் எழுப்பிய சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குச் சுற்றுப்பயணிகள் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, கட்டணம் செலுத்தி வருகிறார்கள். அந்தக் காசு கோயிலுக்கே.

சரி, இப்போது சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் கேட்க வேண்டியது. நம் பழைய தோட்டத்தில் ஸ்டோரும், ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கூடமும், இரண்டு வரிசை லயமும் இன்னும் நிற்கின்றன. புகைக்கூடத்துச் சுவரில் கையை வைத்தால் இன்றும் கரி ஒட்டும். அதை இடித்துக் கடை வீடு கட்டப் போவதாகப் பேச்சு. 2019-இல் மலேசியாவுக்கு 2 கோடியே 61 லட்சம் பேர் வந்து 8,600 கோடி வெள்ளி செலவு செய்திருக்கிறார்கள். வீட்டிலேயே விருந்தாளியைத் தங்கவைக்கிற ஹோம்ஸ்டே திட்டம் 1995-இலிருந்து இருக்கிறது, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகளில் நன்றாக நடக்கிறது. லயத்து வீட்டில் ஏன் நடக்கக் கூடாது?

வெளியாள் வந்து நடத்தினால் மறுபடியும் சாக்லேட்தான். அதனால் கூட்டுறவு. புதிதாக எதையும் கேட்கவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது, இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அன்று தோட்டத்தையே வாங்கியவர்கள், இன்று ஒரு புகைக்கூடத்தைக் குத்தகைக்கு எடுக்க மாட்டோமா? பாட்டி பால் வெட்டிக் காட்டட்டும், ஆறாம் படிவப் பிள்ளைகள் விடுமுறையில் வழிகாட்டியாக இருக்கட்டும், மங்கு 15 வெள்ளிக்கு நம் மேசையிலேயே விற்கட்டும். தேன் எடுத்தவன் கையில் குடத்தைக் கொடுத்துத்தான் பார்ப்போமே.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். கடல் மட்டத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. மாணவர்கள் மன்னிக்கவும், நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டு வையுங்கள், பிறகு ஒரு நாள் பேசுகிறேன்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். கிராணி ஐயா பெயர்ப் பதிவு எடுப்பார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும், வரிசை மெதுவாகப் போகும், பொறுமையாக நில்லுங்கள். அடையாள அட்டை எண் வேண்டும். இன்று பணம் வேண்டாம், பெயர் போதும். சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் பெயராக எழுதிவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும், டத்தோ இரண்டாவது. வரும் திங்கள்கிழமை தோட்ட நிர்வாகியைப் பார்க்க ஐந்து பேர் போகிறோம். கட்டடத்தின் பழைய படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தலைமையாசிரியை அம்மாவிடம் கொடுங்கள், திருப்பித் தந்துவிடுவோம். வணக்கம்.