கபாலபாதி வேறு, பஸ்திரிகா வேறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். யோகாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். ஆசனம், தியானம் எல்லாம் பலரும் பேசியாயிற்று, நான் வேகமாக மூச்சு விடும் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், ஏனென்றால் குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். தொலைக்காட்சியில் ஒருவர் கபாலபாதி என்று செய்து காட்டுவதை யூடியூபில் இன்னொருவர் பஸ்திரிகா என்கிறார், வெளிநாட்டில் பயிற்சி எடுத்து வந்தவர் அதையே நெருப்பு மூச்சு என்கிறார், வகுப்புக்கு வருகிறவர்களோ எல்லாம் ஒன்றுதான், ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் மூக்கிலிருந்து 'புஸ் புஸ்' என்று சத்தம் வருகிறது, அதனால் வந்த வினை.

கபாலபாதியில் வேலை முழுக்க வெளிமூச்சுக்குத்தான். அடிவயிற்றைச் சட்டென்று உள்ளே இழுக்கிறோம், காற்று மூக்கு வழியாக வெளியே போகிறது. அவ்வளவுதான். உள்மூச்சை நாம் எடுப்பதே இல்லை, வயிற்றைத் தளர விட்டால் காற்று தானாக உள்ளே வந்துவிடும். யோசித்துப் பார்த்தால் இது நம் சாதாரண மூச்சுக்கு நேர் தலைகீழ்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது உதரவிதானம் உழைத்து உள்மூச்சு நடக்கிறது, வெளிமூச்சோ விரிந்த நுரையீரல் தானே சுருங்குவதால் நடக்கிறது. கபாலபாதியில் உழைப்பும் ஓய்வும் இடம் மாறிவிடுகின்றன. நிமிடத்துக்கு 60 தடவை போதும், நன்றாகப் பழகியவர்கள் 120 வரை போவார்கள். தோளும் மார்பும் அசையவே கூடாது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் உள்மூச்சையும் வேகமாக இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள், இன்னும் சிலர் மூச்சை வெளியே விடும்போது வயிற்றை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக முன்னால் தள்ளுவார்கள். கையை வயிற்றில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பஸ்திரிகா அப்படியில்லை. இழுப்பதும் நாம்தான், விடுவதும் நாம்தான், இரண்டும் ஒரே பலத்தில். விலா விரியும், மார்பு ஏறி இறங்கும், உள்ளே போகிற காற்றின் அளவும் மிக அதிகம். பஸ்திரிகா என்றால் கொல்லனின் துருத்தி, துருத்தியில் காற்று இழுக்கப்படுவதும் ஊதப்படுவதும் சமமாகத்தானே நடக்கும். இன்னொரு முக்கியமான விஷயம், வேகமாக மூச்சு விடுவதோடு பஸ்திரிகா முடிவதில்லை. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோக பிரதீபிகையில் பார்த்தால், வேகமாகச் செய்து உடல் களைத்ததும் வலது நாசியால் மூச்சை இழுத்து, அடக்கி, இடது நாசியால் விட வேண்டும் என்று இருக்கிறது. அந்த அடக்குதல்தான், அதாவது கும்பகம்தான் அங்கே நோக்கமே, எட்டு கும்பகங்களில் ஒன்றாகத்தான் பஸ்திரிகா அங்கே வருகிறது. கபாலபாதியோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. நேதி, தௌதி, நௌலி என்று உடலைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றோடு சேர்ந்தது அது. ஒன்று சுத்திகரிப்பு, மற்றது பிராணாயாமம், பந்தியே வேறு. அதே நூல், கொழுப்பும் கபமும் அதிகம் உள்ளவர்கள்தான் முதலில் அந்த ஆறு கிரியைகளைச் செய்ய வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. தினமும் எல்லாரும் அரை மணி நேரம் கபாலபாதி செய்தே ஆக வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

சரி, குழப்பத்துக்கு நூல்களும் ஒரு காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரதீபிகை கபாலபாதியை விளக்கும் சுலோகத்திலும் அதே துருத்திதான் உவமை. பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதையில் கபாலபாதி என்று மூன்று வகை வருகின்றன, மூன்றுமே நாம் இன்று செய்வதைப் போல இல்லை: ஒன்று நாசி மாற்றி மாற்றி மூச்சு விடுவது, மற்ற இரண்டும் மூக்குக்கும் வாய்க்குமாகத் தண்ணீரை இழுத்து வெளியேற்றுவது. ஆகவே யாராவது "நாங்கள் நூல்படி சொல்லிக்கொடுக்கிறோம்" என்றால், எந்த நூல் என்று கேட்பதில் தப்பில்லை. இன்று பெரும்பாலான வகுப்புகளில் நடக்கும் கபாலபாதியின் முறை 20ஆம் நூற்றாண்டில் ஒழுங்கானது. 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர் போன்றவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு, மூச்சுப் பயிற்சிகளைக் கருவி வைத்து அளந்து பார்த்தவர் அவர்.

மூன்றாவது, நெருப்பு மூச்சு. இதன் ஊர் அமெரிக்கா என்றே சொல்லலாம். 1968இல் இந்தியாவிலிருந்து கனடா போய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போன யோகி பஜன், குண்டலினி யோகா என்ற பெயரில் பரப்பிய பயிற்சி இது. இதிலும் உள்மூச்சும் வெளிமூச்சும் சமம், ஆனால் பஸ்திரிகாவைப் போல ஆழமில்லை, மேலோட்டமாக, இடைவெளியே இல்லாமல், நொடிக்கு இரண்டு மூன்று என்று ஓடும். வயிறு அசைவதைப் பார்த்தால் கபாலபாதி போலத் தெரியும், மூச்சைக் கவனித்தால் பஸ்திரிகாவின் தம்பி போலத் தெரியும்.

2004இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், ஆரோக்கியமாக இருந்த 29 வயதுப் பெண்ணுக்கு இந்த வகை மூச்சுப் பயிற்சிக்குப் பின் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போனதாக ஒரு அறிக்கை வந்தது. அதன் தலைப்பிலேயே கபாலபாதி பிராணாயாமமும் நெருப்பு மூச்சும் ஒரே பயிற்சியைப் போல ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மருத்துவர்களே பிரித்துப் பார்க்கவில்லை என்றால் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரைக் குறை சொல்லி என்ன செய்ய? இது மிக அரிதாக நடப்பது, பயப்பட வேண்டாம், ஆனால் பலத்தைக் காட்ட வேண்டிய பயிற்சி இது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வேறுபாடு நம் உடம்புக்கு ஏன் முக்கியம் என்றால், எல்லாம் எவ்வளவு காற்று போய் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. சாதாரணமாக ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர். அதில் சுமார் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலேயே நின்றுவிடும், ரத்தத்தோடு அதற்கு உறவே கிடையாது. கபாலபாதியில் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு காற்றுதான் அசைகிறது, அதனால் எண்ணிக்கை ஏறினாலும் நுரையீரலின் அடி வரை போய் வருவது குறைவுதான். பஸ்திரிகாவில் ஒரு மூச்சுக்கு ஒன்றரை லிட்டர், நிமிடத்துக்கு 30 மூச்சு என்று வைத்தால்கூட 45 லிட்டர் ஆகிவிட்டது, சும்மா இருக்கும்போது தேவைப்படுவதைப் போல ஆறேழு மடங்கு.

"அப்படியென்றால் ஆக்ஸிஜன் நிறையக் கிடைக்குமே" என்று உடனே கேட்பார்கள். கிடைக்காது. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், அது இன்னும் அலமாரியில் கிடந்தால் எடுத்து மாட்டிப் பாருங்கள், ஒன்றும் செய்யாமலே 97, 98 காட்டும். நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? உண்மையில் மாறுவது கரியமில வாயுதான், அது வேகமாக வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் காரத்தன்மை ஏறி, அதில் கட்டுப்படாமல் இருக்கும் கால்சியம் குறையும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருக்கும், இன்னும் தொடர்ந்தால் கைவிரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். இதை வைத்துக்கொண்டு குண்டலினி ஏறுகிறது, நாடி திறக்கிறது என்று பேசுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். அப்படி ஆனால் நிறுத்திவிட்டு, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விட்டாலே கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை, மார்பில் வலி அல்லது மூச்சுத் திணறல் என்றால் அது வேறு, மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் நடக்கும். ஆழமாக, வேகமாக மூச்சு விட்ட பிறகு மூச்சை அடக்கினால் ரொம்ப நேரம் சுலபமாக நிற்கும். ஏதோ சக்தி வந்துவிட்டது என்று தோன்றும். மூச்சு விடு என்று நம்மைத் தூண்டுவது பெரும்பாலும் ஏறிக்கொண்டு வரும் கரியமில வாயுதான், அதை நாமே வெளியேற்றிவிட்டதால் மணி அடிக்கவில்லை, அதற்குள் ஆக்ஸிஜன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். நெதர்லாந்துக்காரர் விம் ஹோஃபின் முறை இப்போது இளைஞர்களிடம் பிரபலம், முப்பது நாற்பது ஆழமான மூச்சுகள், அப்புறம் வெளியே விட்டு அடக்குவது. தரையில் படுத்துச் செய்தால் ஒரு மயக்கத்தோடு போய்விடும். தண்ணீருக்குள் செய்தால் உயிர் போகும், போயும் இருக்கிறது. கிணற்றில் யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று பந்தயம் கட்டும் பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: குதிப்பதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு விடக் கூடாது.

ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. திருமூலர் மூச்சுக்குச் சொல்லும் கணக்கே பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்து நான்கு அடக்கி, முப்பத்திரண்டு விடுவதுதான், அவசரமே இல்லாத கணக்கு. அந்த அறுபத்து நான்கையும் வீட்டில் தனியாக முயற்சி செய்யாதீர்கள், அது வேறு கதை.

மற்றவர்கள் கபாலபாதியில் தொடங்கலாம். காலையில் வெறும் வயிறு, இருபது முப்பது தடவை, அப்புறம் மூச்சு தானாகச் சமநிலைக்கு வரும் வரை சும்மா இருப்பது, மறுபடியும் ஒரு சுற்று. தொப்பை கரையும் என்று எதிர்பார்க்காதீர்கள், வயிற்றுத் தசை வேலை செய்வதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் குறைந்துவிடாது. பஸ்திரிகாவுக்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, "உள்மூச்சு தானாக வரணுமா, நான் இழுக்கணுமா" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்திரிகா உடம்பைச் சூடாக்கும் என்பதால் அக்னி நட்சத்திர நாட்களில் எங்கள் வகுப்பில் அதை நிறுத்திவிட்டு, நாக்கைக் குழாய் போலச் சுருட்டிக் காற்றை இழுக்கும் சீதளிக்கு மாறிவிடுவோம். நன்றி, வணக்கம்.