அரைப்பேருக்கு ஒரு நாவல்

(என் முதல் நாவலை இலங்கை மலையகத்து ஹட்டனில் வெளியிட்டபோது பேசிய ஏற்புரை. நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில இடங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, நயவுரை சொன்ன நண்பர்களே, இந்த மழையிலும் வந்து சேர்ந்த எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருப்பது 20 நிமிடம். கடைசி வரிசையில் இருக்கிற அக்காமார் ஐந்தரை பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கின்றன. அதை இங்கே வாசிக்கத் தொடங்கினால் பஸ் போய்விடும்.

நாவலின் பெயர் 'அரைப்பேர்'. அப்படியென்றால் என்ன என்று கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வாசலிலேயே கேட்டார். இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு விளக்கம் தேவையில்லை. அவருக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுப்பார்கள். பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பேர் விழும். சொன்ன கிலோ வந்தால் முழுப்பேர். வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஆடி மாதத்து மழை. அம்மா மலையிலிருந்து வந்து வாசல் இஸ்தோப்பில் கூடையை இறக்கி, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு அரைப்பேருதான்" என்றார். அப்பாவுக்குச் சொன்னது அது. நான் கேட்டேன்: "அப்ப மத்தப் பாதி யாருக்கிட்டம்மா இருக்கு?" அம்மா சிரித்துவிட்டார். "தொரைக்கிட்ட இருக்கும், போய்க் கேளு."

அன்று இரவு குப்பி விளக்கு வெளிச்சத்தில் என் கொப்பியில் அம்மாவின் பெயரை எழுதி, நடுவில் கோடு போட்டுப் பார்த்தேன். எந்தப் பாதி அம்மாவிடம் இருக்கிறது, எந்தப் பாதி ஆபீஸில் இருக்கிறது என்று புரியவில்லை. நாவல் அங்கேதான் தொடங்கியது. எழுதி முடிக்க முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது.

கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், முழுதும் சொல்ல மாட்டேன். ஏழுமலை என்று ஒரு நாடு. அங்கே காலைப் பெரட்டில் யாருடைய பேரைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள்தான் அன்றைக்கு இருப்பார்கள். அரைப்பேர் விழுந்தால் ஆள் பாதி மறைவார். முதலில் நிழல் போகும். பிறகு பீலித் தண்ணீரில் முகம் பார்த்தால் ஒரு பக்கம் தெரியாது. பேச்சி என்ற பெண்ணின் அம்மாவுக்கு விடாமல் 17 நாள் அரைப்பேர் விழுகிறது. பதினேழாம் நாள், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவரை யாராலும் பார்க்க முடியவில்லை.

நான் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒன்றைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, 17 தடவை வெட்டினால் 131,072இல் ஒரு பங்கு மிஞ்சும். எத்தனை தடவை வெட்டினாலும் பூச்சியம் மட்டும் வராது. எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், கல்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். இந்த நாவலின் மந்திரம் அவ்வளவுதான். அந்த மிச்சத்தைத் தேடித்தான் பேச்சி கிளம்புகிறாள்.

டிராகன் இருக்கிறதா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். இல்லை. அட்டை இருக்கிறது, மாட்டு வண்டி அளவில்.

சரி, இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் பிரதியை முதலில் வாசித்தவர் எங்கள் தோட்டத்தில் நீண்ட காலம் சங்க வேலை பார்த்த ஐயா ஒருவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, சனம் இன்னும் பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுலதான் கெடக்கு. நீ மாயக்கதை எழுதிக்கிட்டு இருக்க." அவருக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது அவர் முன்வரிசையில் இருக்கிறார், அதனால் இங்கே சொல்கிறேன்.

ஐயா, நம் மூத்த எழுத்தாளர்கள் சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் லயத்தை லயமாகவே எழுதினார்கள். அவர்கள் அப்படி எழுதி வைத்ததால்தான் எனக்குக் கூரை ஒழுகுவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் எங்கள் வாழ்க்கையில் சில விஷயங்களை உள்ளபடி எழுதினால் வாசிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன், நீங்கள் வாழ்ந்து பார்த்த கணக்குத்தான்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஒரு வகுத்தல் செய்தார்கள். மொத்தம் 975,000 பேர் என்று எடுத்துக்கொண்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000. வகுத்தலில் மீதி வந்தால் பிள்ளைகள் பக்கத்தில் எழுதி வைப்பார்களே, அது மாதிரி அந்த 150,000 பேரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல் பார்த்தார்கள். என்ன செய்தார்கள்? சரிபாதி. இங்கே 75,000, அங்கே 75,000.

அரைப்பேர் போடுவதை ஒரு கணக்கப்பிள்ளைதான் செய்வார் என்று நான் சின்ன வயதில் நினைத்தேன். இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து ஒரு சனத்துக்கே போட்டிருக்கின்றன. என் அம்மாயியின் இரண்டு தங்கைமார் அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அம்மாயி இங்கே நின்றுவிட்டார். பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. ஒரு குடும்பம் பாதி மறைந்துபோவதை யதார்த்தமாக எழுத நான் இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் மனு எழுதின மாதிரி வந்தது. நிழல் போய்விட்ட ஒரு பொம்பளையை எழுதினேன். அப்புறம் பேனா தானாக ஓடியது.

இன்னொன்று. மாயக்கதை வெளியிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். தேயிலை அரைக்கிற ஸ்டோரின் சக்கரத்துக்கு ரோதை முனி காவல் நிற்கிற ஊர் இது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்குக் கத்தி எடுக்கிறதற்கென்றே ஒரு சாமி உண்டு. மாசியில் காமன் கூத்தில் மன்மதன் எரிந்துபோவார், மறுபடி எழும்புவார். முந்தின நாள் எங்களோடு கொழுந்து நிறுத்த அண்ணன்தான் எமன் வேடத்தில் வருவார், ஆனால் அந்த ராத்திரி அவர் பக்கத்தில் போகப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வராது. மஸ்கெலியாப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? 1960களில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கடும் வெயில் வருடங்களில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் சேற்றோடு மேலே வரும். நான் பார்த்திருக்கிறேன். கோயில் படியில் மீன் முள் கிடந்தது. அந்தப் படி அப்படியே நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நான் கற்பனையாகச் சேர்த்தது அங்கே அடிக்கும் மணியை மட்டும்தான்.

பேச்சி போகிற பாதையும் நீங்கள் அறிந்ததுதான். எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குச் செக்ரோல் கிடையாது. அவள் அந்தப் பாதையில் மேலிருந்து கீழே, தலைகீழாக நடக்கிறாள். எங்கள் ஆட்கள் வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்து 2023 ஜூலையில் தலைமன்னாரில் தொடங்கிய மலையகம் 200 நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்தபோது, கடைசிக் கொஞ்ச தூரம் நானும் நடந்தேன். குதிகால் வெடித்தது. நாவலில் கால் வலி வருகிற இடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு திருத்தி எழுதியவை.

இனிப் புத்தகம் போட்ட கதை. இதற்குப் பதிப்பகம் இல்லை. நான்தான் பதிப்பகம். இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் "சிறுவர் கதையாகச் சுருக்கித் தாருங்கள்" என்றார். 2022இல் எழுதி முடித்தபோது தாளே இல்லை. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போன வருடம் அது. அதனால் காத்திருந்தேன். பிறகு சீட்டுப் பணத்தை எடுத்து, கொழும்புத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் 978-624 என்று தொடங்கும் நூல் எண் வாங்கி, 300 பிரதி அடித்தேன்.

அச்சகத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தேன். அவர்களிடம் இருந்தது பாமினி என்ற பழைய எழுத்துரு. மாற்றிப் போட்ட முதல் புரூஃபில் எழுத்துகள் இடம் மாறி, ஐகாரக் கொம்பு ஓர் எழுத்து முன்னால் போய் நின்றது. 'மலை' இருந்த இடமெல்லாம் 'மைல'. ஆறாம் நம்பர் மைல. மைலக்குப் போன பேச்சி. நூற்றுக்கணக்கான இடத்தில். மன்னாரிலிருந்து மைல் கணக்கில் நடந்தவர்களின் கதை என்பதால் அப்படியே விட்டுவிடலாமா என்று கூட ஒரு நிமிடம் யோசித்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்தினோம், நானும் என் தம்பியும்.

அச்சில் 16 பக்கம் ஒரு தாளாக மடிகிறது. நான் எழுதியது 200 பக்கம், காசு கட்டியது 208 பக்கத்துக்கு. மிஞ்சிய எட்டை வெறுமையாக விட மனம் வரவில்லை. செக்ரோல் மாதிரி கட்டம் போட்டு விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் பேர் விடுபட்டவர்களை எழுதிக்கொள்ளலாம்.

பிரதிகள் வந்ததும் அடுத்த கவலை. எங்கள் வீட்டில் ஆனி, ஆடியில் சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கும். ஸ்டோரில் வேலை செய்கிற மச்சான், உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைச் சாக்குகளைக் கொண்டுவந்தார். அதற்குள் போட்டுக் கட்டி வைத்தோம். அதனால் நீங்கள் வாங்கப்போகிற புத்தகம் தேயிலை வாசம் அடிக்கும். அதற்குத் தனியாகக் காசு எடுப்பதில்லை.

சொந்தமாகப் புத்தகம் போட்டுச் சொந்தமாகக் கொண்டு திரிவதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. ஹட்டனில் நின்றுகொண்டு அப்படி வெட்கப்படக் கூடாது. இந்த ஊரிலிருந்து தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர், வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனவர். 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியவர். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தானே பாட்டு எழுதி, புத்தகமாக அச்சிட்டு, கூட்டங்களில் தானே பாடினார். அவர்கள் எந்த வெளியீட்டாளரையும் பார்த்துக் காத்திருக்கவில்லை. நானும் சலூனில் ஒரு பிரதி, தையல் கடையில் ஒரு பிரதி, தெரிந்த பஸ் கண்டக்டரிடம் ஐந்து பிரதி என்று கொடுத்து வைத்திருக்கிறேன். கண்டக்டர்தான் அதிகம் விற்றிருக்கிறார். 40 பிரதி எடுத்த ஒரு கடைக்காரர் இன்னும் கணக்குச் சொல்லவில்லை.

விலை 900 ரூபாய். அச்சகத்தில் 1,200 போடச் சொன்னார்கள். 2021இல் அத்தனை வருடம் கேட்டுக் கேட்டு வந்த நாள் சம்பளம் 1,000. ஒரு முழுப்பேரை விட இந்தப் புத்தகம் விலை கூடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். மொத்தமும் விற்றால் கையில் கொஞ்சம் நட்டம் நிற்கும், பரவாயில்லை.

ஒரு மாதத்துக்கு முன்பே 20 பிரதிகளை விற்காமல், வாசித்துத் திருப்பித் தரும்படி லயங்களுக்குக் கொடுத்தேன். பதினான்கு திரும்பி வந்துவிட்டன. அதில் ஒன்று மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவரிடமிருந்து வந்தது. அட்டையில் ரொட்டி எண்ணெய். பின்னால் கட்டத்தில் பென்சிலால் 11 பேர் எழுதியிருந்தார், கடைசிப் பேருக்கு நேரே 'தெரியாது' என்று மட்டும். 143ஆம் பக்கத்தின் ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு:

"தங்கச்சி, இந்த எடத்துல ஞாயித்துக்கெழம பெரட்டுல பேர் கூப்புடுற மாதிரி எழுதியிருக்கீங்க. தப்பு. ஞாயித்துக்கெழம கைக்காசு. கிலோவுக்குத்தான் காசு, பேர் கெடையாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாவும் ஞாயிறுகளில் கைக்காசுக்குப் போனவர்தான். சின்னத் துண்டில் திருத்தம் அடித்து எல்லாப் பிரதியிலும் செருகியிருக்கிறேன், விழுத்திவிடாதீர்கள். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தேன். பேர் கூப்பிட்டால்தான் ஆள் இருப்பார் என்பது ஏழுமலையின் சட்டம். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை பேரே இல்லாமல் மலை நிறைய நின்று கொழுந்து எடுக்கிறவர்கள் யார்? அவர்களை எந்தக் கங்காணியால் பார்க்க முடியும்? இரண்டாம் பாகத்தில் ஏழு அத்தியாயம் எழுதிவிட்டேன். அந்த அக்கா இன்று வந்திருக்கிறார். கொஞ்சம் எழும்பி நில்லுங்கள் அக்கா. கைதட்டினால் வெட்கப்படுவார், ஆனாலும் தட்டுங்கள்.

சிறப்புப் பிரதிக்கு மேடைக்கு வருகிறவர்கள் கவரில் எவ்வளவு வைத்தாலும் புத்தகம் ஒன்றுதான் கிடைக்கும். மற்றவர்களுக்கு வாசல் பக்கத்து மேசையில் தம்பி நிற்கிறான், சில்லறை வைத்திருக்கிறான். மணி ஐந்து பத்து. மஸ்கெலியா பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் அவர்களுக்கு வழி விடுங்கள். வணக்கம்.