மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு மாணவர்களின் சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். மதிப்பெண் போதாமல் இடம் கிடைக்காதவர்களைவிட, நன்றாகப் படித்திருந்தும் ஒரு தாள் குறைந்ததால் இடத்தை இழந்தவர்களை நினைத்துத்தான் அதிகம் வருந்தியிருக்கிறேன்.

ஒரு மாணவியின் விண்ணப்பம் இன்றும் கண்முன் நிற்கிறது. மதிப்பெண் பட்டியலின் முன்பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். பாடங்களுக்கு நேரே 13, 14 என்று இருந்தது. எத்தனைக்கு 14? அந்த விளக்கம் பின்பக்கத்தில் அல்லவா அச்சாகியிருக்கும்! பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. 14 என்பது நல்ல மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 தான் முதல் தரம்; 4.0 வரை தேர்ச்சி. எண் ஏற ஏறத் தரம் இறங்கும். பின்பக்கத்தைக் கேட்டு எழுதினோம். அது வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. வெற்றுத்தாள் என்று தோன்றினாலும் இரண்டு பக்கங்களையும் அனுப்புங்கள்.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்காகச் சான்றிதழுக்கு அரசுத் தரப்பில் வாங்கும் முத்திரை. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே இது செல்லும். சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. படிப்பின் தரத்துக்கு அல்ல. முத்திரை வாங்கிய பிறகு மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பது நல்லது, சில இடங்களில் முத்திரையையும் மொழிபெயர்த்துக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் முடிவுகள் பொதுவாக 2 ஆண்டுகளுக்குத்தான் ஏற்கப்படும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக்கூடாது என்று பல படிப்புகளில் கேட்கிறார்கள். மொத்தத்தில் 7 எடுத்தும், எழுத்துப் பிரிவில் 5.5 வாங்கியதால் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் சரியாக இருந்தும் உங்கள் சான்றிதழை ஏற்க மறுத்தால், தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள். உயர்கல்விச் சான்றிதழ்களை ஏற்பது பற்றிய 1997ஆம் ஆண்டு லிஸ்பன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள், தங்கள் கல்விக்கும் உங்கள் கல்விக்கும் கணிசமான வேறுபாடு இருப்பதை எடுத்துக்காட்ட வேண்டியது மறுப்பவர்களின் பொறுப்பு. காரணம் கேளுங்கள், மேல்முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் காலவரம்பு இருக்கும். மறுப்புக் கடிதம் வந்த அன்றே, மனம் எவ்வளவு சோர்ந்திருந்தாலும், அந்தத் தேதியைத் தேடிக் குறித்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.