மகரக்கட்டும் மலைப்பள்ளி மேடையும்

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டு விழா என்றாலே திரைப்பாடலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்குப் பிள்ளைகளை ஆடவிடுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே வாய்விட்டுப் பாடி நடிக்கும் இசை நாடகத்தைத்தான் மேடையேற்றுவது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதம் கற்றுக்கொடுத்ததைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கதையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊரில், தெரிந்த பயிர்பச்சைக்கு நடுவில் நடக்கும் கதையாக இருந்தால் வசனம் தானே மனத்தில் நிற்கும். இடர்ப்பாடு முழுவதும் தொண்டையில் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைவதை நாம் மகரக்கட்டு என்கிறோம். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும்: தொலைபேசியை எடுத்த மகனை அவனுடைய அப்பா என்று நினைத்து, உறவினர் ஒருவர் கடன் விவரம் முழுவதையும் சொல்லி முடித்திருப்பார். குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவுக்கு, அதாவது ஒரு ‘ஸ’விலிருந்து அதற்குக் கீழே உள்ள ‘ஸ’ வரை, குரல் கீழே இறங்கிவிடுகிறது. இறங்கும் அந்தச் சில மாதங்களில் மேலேயும் எட்டாது, கீழேயும் நிற்காது.

தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்துச் சிறுவர் நாடகக் குழுக்களில் மகரக்கட்டு என்பது பெரிய இடி. அதுவரை பாடி வந்த வேடம் பையனின் கையைவிட்டுப் போய்விடும். தொழில்முறைக் குழுவுக்கு அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். பள்ளிக்கு அந்த நியாயம் பொருந்தாது என்பது என் கருத்து. பாட்டுக்காகப் பையனை மாற்றக் கூடாது, பையனுக்காகப் பாட்டை மாற்ற வேண்டும் என்பதை இந்த உரையில் இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்கு உணர்த்தியது 2018ஆம் ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006இல் பூத்தது, மறுபடி 2018இல் பூத்தது. அந்த ஆண்டு எங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முந்தைய பூவின்போது பிறந்தவர்கள். ஆகவே ஒரு பாட்டி, தான் கண்ட பூக்களை வைத்துத் தன் வயதைக் கணக்கிடுவதாக நாடகம் எழுதினோம். “எத்தனை பூ பார்த்தாய் பாட்டி?” என்று பேரன் கேட்க, “ஆறு பூ பார்த்துவிட்டேன்” என்பாள் அவள். குறிஞ்சிச் செடியாக ஒரு சிறுமியும் மலையாக ஒரு சிறுவனும் எதிரெதிர் நின்று பாடுவார்கள்.

ஆகஸ்டில் அந்தச் சிறுவன் ஹார்மோனியக் கட்டையை வைத்துச் சொல்லும் 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, அநாயாசமாகத் தொட்டான். அக்டோபரில் அதே இடத்தில் குரல் கீறி, காற்று மட்டும் வந்தது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டான். மறுநாளே வேறு பையனைப் போட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். அப்போது எங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர் மதுரைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இசை நாடகங்களில் பல்லாண்டு பின்பாட்டுக்கு இருந்த பெரியவர். அவர் துருத்தியை நிறுத்திவிட்டு, “ஏன் வாத்தியாரே, மலைக்குக் கீச்சுக் குரலா இருக்கும்? பையன் இருக்கட்டும், பாட்டைக் கீழே இறக்குங்க” என்றார்.

அப்படியே செய்தோம். தாளத்தில் அமைந்த பாட்டை, தாளமில்லாமல் பாடும் விருத்தமாக மாற்றி, நான்கு சுரங்களுக்குள் அடக்கினோம். அவனுக்கு எந்தச் சுருதி என்று கண்டுபிடிக்கப் பெரியவர் கையாண்ட வழி எளியது. எதிர்ச் சரிவில் பூண்டு பிடுங்கும் அம்மாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடச் சொல்வார். கூவல் எங்கே வலியில்லாமல் நிற்கிறதோ, அந்தக் கட்டையை என் நோட்டில் எழுதச் சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் மறுபடி கூப்பிடச் சொன்னோம், ஏனென்றால் வாரத்துக்கு வாரம் அது நகர்ந்துகொண்டே இருந்தது. பதிவு செய்த இசைக்குப் பாடவைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அது பையனுக்காகக் காத்திருக்காது. மறுபடியும் சொல்கிறேன், பாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. மரங்கள் சாய்ந்து, எங்கள் ஊரில் பல நாள் மின்சாரம் இல்லை. ஒலிவாங்கி, மின்சுருதிப் பெட்டி, வண்ண விளக்கு எதுவும் இல்லாமல், இரண்டு வாரம் தள்ளி, பகலில் நாடகத்தை நடத்தினோம். ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்துவிட்டதால் சத்துணவுக் கூடத்து அடுப்பருகே வைத்துக் காய்ச்சி எடுத்து வந்தோம். பாதி நாடகத்தில் தகரக் கூரைமேல் மழை கொட்டியது. பெரியவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, மழை ஓயும்வரை செடியும் மலையும் அசையாமல் நின்றார்கள். பிறகு சிறுவன் தன் விருத்தத்தைத் தொடங்கினான். குரல் ஓரிடத்தில் பிசிறியது. யாரும் சிரிக்கவில்லை, பாறை உருளும்போது அப்படித்தானே கேட்கும்.

உடை, ஒப்பனை, ஒளி பற்றி மூன்று பக்கம் எழுதி வந்திருந்தேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார், அவற்றில் ஒன்று இதற்குள் மடங்கியிருக்கும். ஆகவே சுருக்கமாக: உள்ளே ஸ்வெட்டர் போட இடம் விட்டு உடையைத் தையுங்கள். ஒப்பனைக்கு வைத்திருக்கும் தேங்காய் எண்ணெய் நம் குளிரில் உறைந்துவிடும் என்பதால் புட்டியை முன்னதாகவே வெந்நீரில் வைத்துவிடுங்கள். நாடகத்தைப் பகல் இரண்டு மணிக்கே தொடங்குங்கள். அதற்குமேல் மூடுபனி கூடத்துக்குள் வந்துவிடும், பெற்றோருக்குக் கடைசிப் பேருந்தும் போய்விடும். வணக்கம்.