தொண்டைமானாற்று வான்கதவுகள்: கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவில்

[காட்சி: பாலத்தடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி.]

வணக்கம். சன்னதி முருகனைக் கும்பிட்டு, மடத்தில் அன்னதானமும் சாப்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போகிறவர்களே, பக்கத்தில் இந்த வான்கதவுகளையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போங்கள்.

யாழ்ப்பாணத்தின் வடமராட்சி நீரேரி கடலோடு சேரும் வாய் இது. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போக இதை வெட்டுவித்தான் என்று ஒரு பழங்கதை உண்டு. உப்பைக் கொண்டுபோக வெட்டிய வழியில், 1950களில் உப்பை மறிக்கக் கதவு போட்டார்கள்!

[வரைபடம்: இரண்டு பக்க நீர்மட்டம்]

ஐரோப்பியக் கால்வாய்களில் இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பி மேலே ஏற்றுவார்கள். இங்கே படகுக்கு வேலை இல்லை. எந்தப் பக்கம் தண்ணீர் உயரம் என்பதுதான் கணக்கு.

மாரியில் மழைவெள்ளம் நீரேரியில் சேர்ந்து கடலைவிட உயரும்போது கதவைத் திறக்கிறார்கள். வெள்ளம் உவரையும் கழுவிக்கொண்டு வெளியேறும். திறக்கப் பிந்தினால் கரையோர வயல் தாழும். மூடப் பிந்தினால் மழை ஓய்ந்ததும் கடல் உள்ளே வந்துவிடும். சேற்றில் ஊறிய உப்பு ஒரு மாரியோடு போகாது. வருடக்கணக்காக இப்படியே கழுவ வேண்டும்.

[காட்சி: தோட்டக் கிணறு]

சரி, இதனால் யாருக்கு என்ன? நமக்கு வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர். அது கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். அதனால்தான் பக்கத்து நீரேரி நன்னீராக இருப்பது கிணற்றுக்கு அவ்வளவு முக்கியம்.

இந்தக் கதவு மட்டும் போதாது. இதோடு தொடுத்த உப்பாற்று நீரேரிக்கு அரியாலையில் இன்னொரு தடுப்பு இருக்கிறது. ஒன்று ஒழுகினாலும் மற்றதன் உழைப்பு வீண். பொறியியலாளர் ஆறுமுகம் இன்னும் பெரிதாக யோசித்தார்: வன்னியில் இருந்து வரும் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக இங்கே கொண்டுவருவது. அந்தத் திட்டம் முழுமையடையவே இல்லை. போர்க்காலத்தில் கதவுகளும் பராமரிப்பில்லாமல் கிடந்து, பிறகுதான் திருத்தப்பட்டன.

எல்லோருக்கும் இது பிடித்த கதவு என்று சொல்லமாட்டேன். றாலும் மீனும் கடலில் இருந்து உள்ளே வந்தால்தான் நீரேரித் தொழிலாளிக்குச் சோறு. விவசாயிக்காக மட்டும் கதவைப் பூட்டிவைப்பது நியாயமில்லை என்பதே என் எண்ணம். திறக்கும் நாளை இரண்டு பகுதியையும் கேட்டுத் தீர்மானிக்கலாம்.

[காட்சி: திறந்த கதவு, பாயும் நீர்]

பார்க்க வருவதென்றால் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். கதவு திறந்திருந்தால் நீரோட்டம் பலமாக இருக்கும். பிள்ளைகளைக் கரையில் இறங்க விடாதீர்கள்.