கப்பல் போன பிறகு கரை யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

1956-இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. நகர நடுவே இருந்த பழைய துறைமுகங்களின் காலம் முடியத் தொடங்கியது அதிலிருந்துதான். கன்டெய்னர்களை இறக்கி அடுக்கப் பரந்த வெளி வேண்டும், பெரிய கப்பல்களுக்கு ஆழமான நீர் வேண்டும். பழைய துறைகளில் இரண்டுக்கும் வழியில்லை. லண்டனின் ராயல் டாக்ஸ் 1981-இல் மூடப்பட்டது. இப்படிப் பூட்டிய கிடங்கும் துருப்பிடித்த தண்டவாளமுமாகக் கிடக்கும் கரைநிலம் பல நகரங்களில் உண்டு. அதில் பெரும்பகுதி அரசுக்கோ துறைமுக நிர்வாகத்துக்கோ சொந்தம். நம் எல்லோருக்கும் சொந்தம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

“சும்மா கிடப்பதை விற்றால் கஜானாவுக்கு வருமானம்தானே?” என்று கேட்பார்கள். நிபந்தனையில்லாமல் ஏலம் விட்டால், அதிக விலை கொடுத்தவர் போட்ட காசை எடுக்க ஆடம்பர அடுக்குமாடிகளைத்தான் கட்டுவார். வரைபடத்தில் நீரோரமாக அழகாக நடைபாதை போட்டிருக்கும். கட்டி முடிந்த பின் போய்ப் பார்த்தால், பாதி தூரத்தில் இரும்புக் கதவு, பக்கத்தில் காவலாளி, ‘குடியிருப்போர் மட்டும்’ என்று ஒரு பலகை. பத்திரத்தில் எழுதாத பாதைக்கு இந்தக் கதிதான்.

நிபந்தனையை முதலில் எழுதினால் என்ன நடக்கும்? லண்டன் தேம்ஸ் நதியின் தென்கரையில் காயின் ஸ்ட்ரீட் என்ற இடம். அங்கே அலுவலகக் கோபுரங்கள் வருவதை எதிர்த்து மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1984-இல் அந்த 13 ஏக்கரை, குடியிருப்போரே அமைத்த நிறுவனத்துக்குப் பெருநகர மன்றம் 10 லட்சம் பவுண்டுக்குக் கொடுத்தது. இன்ன இன்னதுதான் கட்டலாம் என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு விதித்ததால் நிலத்தின் விலையே இறங்கிவிட்டது. அதனால்தான் சாதாரண மக்களால் வாங்க முடிந்தது. கூட்டுறவு வீடுகள், பூங்கா, ஆற்றோர நடைபாதை எல்லாம் வந்தன. நிலவிலை என்பது அனுமதியின் விலை. அந்த அனுமதி அரசின் கையில்தான் இருக்கிறது.

மண்ணையும் மறக்கக் கூடாது. பழைய துறைமுக மண்ணில் எண்ணெயும் கன உலோகமும் ஊறிக் கிடக்கும். கனடாவின் வான்கூவரில் 1986 உலகக் கண்காட்சி நடந்த கரைநிலத்தை மாகாண அரசு 1988-இல் விற்றது. ஆனால் நஞ்சேறிய மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அரசின் தலையிலேயே நின்றது. விற்ற விலையில் அந்தச் செலவைக் கழித்துவிட்டல்லவா லாபம் பேச வேண்டும்!

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பழைய துறைமுக நிலத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி என்ற பகுதியில் பல மனைகளை விற்கும்போது விலையைவிட, என்ன கட்டப்போகிறீர்கள் என்பதற்கே அதிக மதிப்பெண். வீடு, கடை, பள்ளி எல்லாம் கலந்து வர அது வழி செய்தது. என்னைக் கேட்டால், குத்தகை அதைவிட மேல். காலம் முடிந்தால் நிலம் திரும்பி வரும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டத்துக்கு ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வந்தால், நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நிலம் விற்பனையா, குத்தகையா? கரையோரப் பாதை எத்தனை அடி அகலம், எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது? இப்போது அங்கே குடியிருப்பவர்களும் மீன்பிடிப்பவர்களும் எங்கே போவார்கள்? பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.