திரும்பிப் போகாத வாத்துகள்

[காட்சி: ஜூரோங் ஏரித் தோட்டம், காலை]

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஒரு நாரை வந்து நின்றாலே நாம் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அமெரிக்காவில் பல ஏரிக்கரைகளில் கதையே வேறு. கனடா வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிடும். எச்சத்தை மிதிக்காமல் நடக்க முடியாது.

[காட்சி: வரைபடம், மினசோட்டா]

இவற்றில் பெரிய வகை ஒன்று அழிந்தே போய்விட்டது என்றுதான் நம்பியிருந்தார்கள். 1962இல் ரோச்செஸ்டர் நகரின் சில்வர் ஏரியில் அதே பறவையைப் பிடித்து எடை போட்டார் பறவை ஆய்வாளர் ஹெரால்ட் ஹான்சன். எடை அதிகமாகக் காட்டவே, தராசு கெட்டுவிட்டதோ என்று மாவுப் பையை வைத்துச் சரிபார்த்தார்களாம்!

பனிக்காலத்தில் அவை அங்கே என்ன செய்தன? பக்கத்து மின் நிலையம் சூடான தண்ணீரை ஏரியில் விட்டது. ஏரி முழுதாக உறையவில்லை. அப்புறம் எதற்குத் தெற்கே பறக்க வேண்டும்?

பின்னர் பல மாநிலங்கள் இந்த வாத்துகளை வளர்த்துப் பெருக்கின. வலசைப் பாதையைக் குஞ்சுகள் பெற்றோரோடு பறந்துதான் கற்கும். வளர்ப்பு வாத்துகளுக்கு அந்தப் பாதையே தெரியாது. தங்கிவிட்டன.

[காட்சி: ஏரியோரப் புல்வெளி]

அவற்றுக்குப் பிடித்தது குட்டையான இளம்புல். நரி வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும், ஓடி இறங்கத் தண்ணீர் வேண்டும். பூங்காவுக்காகப் புல்லை வெட்டி வெட்டி, இதையெல்லாம் மனிதர்களே அமைத்துக் கொடுத்தார்கள். எச்சத்திலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏரியில் கலந்து பாசியை வளர்க்கின்றன.

நாயை விட்டு விரட்டினால் அடுத்த குளத்துக்குப் போகும், அவ்வளவுதான். முட்டையை எடுத்தால் மறுபடி இடும். அதனால் சோள எண்ணெயைத் தடவி, கூட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு வளராது. தாயோ அடைகாத்துக்கொண்டே இருக்கும். (கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.) அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டம் இவற்றைப் பாதுகாப்பதால், நினைத்தபடி கைவைக்கவும் முடியாது. எனக்குப் பிடித்த வழி, கரையோரப் புல்லை வெட்டாமல் உயரமாக வளர விடுவது. உள்ளே நரி ஒளிந்திருக்குமோ என்ற பயத்திலேயே வாத்து ஒதுங்கும்.

[காட்சி: தேக்கா, புறாக்கள்]

நம் ஊரில் பறவைகளை இழுப்பது புல் இல்லை, சோறு. 2020 முதல் புறாவுக்குத் தீனி போட்டாலும் 5,000 வெள்ளி வரை அபராதம். அத்தையிடம் சொன்னேன். "டேய், நான் காக்காய்க்குத்தான் வைக்கிறேன். புறா வந்து தின்றால் நான் என்ன செய்ய?" என்கிறார்.